அமுக்கினால் வெளுக்க வேண்டும்

மிதுனாவின் வலது கால் கட்டைவிரல் நகத்தை அமுக்கி, முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சட்டென்று விட்டாள் சுகுணா. சிவப்பாக இருந்தது. அமுக்குவதற்கு முன்பும் சிவப்பு, விட்ட பிறகும் அதே சிவப்பு. நடுவில் வெளுத்ததா என்றால், அதுதான் தெரியவில்லை. வெளுத்திருக்கலாம். வெளுக்காமலும் இருந்திருக்கலாம். நகம் முழுக்க, நகத்தைச் சுற்றிய சதை முழுக்க, விரல் நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும் தொப்பி போட்ட மாதிரி மருதாணி. காலையில் அவளே பறித்து, அவளே அரைத்து, அவளே வைத்துவிட்டது. எப்போது வைத்தாலும் ஏனோதானோ என்று ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடும் அந்தச் செடியின் மருதாணி, இந்தத் தடவை என்று பார்த்துக் கருஞ்சிவப்பாக ஏறித் தொலைத்திருக்கிறது. கட்டிலில் ஏழு வயசுப் பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். பாதத்திலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டு. அதன் முனையில் ஐந்து விரல்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. அந்தக் காலைப் பற்றி வெளியே தெரிவதெல்லாம் அந்த ஐந்து விரல்கள்தான், அந்த ஐந்துக்கும் அவள் சாயம் பூசிவிட்டாள். இன்னொரு தடவை அமுக்கினாள். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, வெளிச்சம் விழும்படி பார்த்தாள். சிவப்புதான்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஜெசிந்தா சிஸ்டர் ஒன்று விடாமல் சொல்லித்தான் அனுப்பினார். காலைத் தலையணை மேல உயரமா வெச்சிருக்கணும், தொங்கப் போடக் கூடாது. கட்டு நனையக் கூடாது. அரிக்குதுன்னு குச்சி, ஸ்கேல் எதையும் உள்ளே விடக் கூடாது. அப்புறம் நகம். மிதுனாவின் கட்டைவிரலைப் பிடித்து அமுக்கியே காட்டினார். “பாத்தீங்களா, அமுக்கினா வெளுக்குது. விட்டா உடனே சிவக்குது. ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். உள்ளே வீங்கிச்சுன்னா வீக்கத்துக்குப் போக்கிடம் கிடையாது, கட்டு நெரிக்க ஆரம்பிச்சுரும். வெளுத்தது சிவக்கலைன்னாலோ, நீலம் பாரிச்சாலோ, விரல் ஜில்லுன்னு ஆனாலோ, ஆட்ட முடியலைன்னாலோ, சாயந்திரம் பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துராதீங்க. காலே போயிரும்.” பஸ் போயிரும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கப்புறமும் சிஸ்டர் ஏதோ சொன்னார். நகத்துல என்று ஆரம்பித்த ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் ரகளை. தொடையெலும்பு முறிந்த குழந்தை ஒன்று அங்கே கிடந்தது. காலில் கயிறு கட்டி, கட்டிலின் கடைசியில் கப்பி வைத்து, எடைக்கல்லைத் தொங்க விட்டிருந்தார்கள். எலும்பு இழுபட்டு நேராக நிற்க வேண்டுமாம். அதன் அம்மா, குழந்தை அழுகிறதே என்று பொறுக்க மாட்டாமல், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எடைக்கல்லை அதன் மேல் தூக்கி வைத்துவிட்டாள். சிஸ்டர் திரும்பிப் பார்த்தவர் அங்கே ஓடினார். “உங்க பாசத்தை எல்லாம் கல்லு மேல காட்டாதீங்கம்மா, கால் குட்டையாப் போயிரும்” என்று அவர் சத்தம் போட்டது வார்டு முழுக்கக் கேட்டது. இப்படியும் ஒரு கூறுகெட்ட பொம்பளை இருப்பாளா என்று சுகுணா அப்போது நினைத்துக்கொண்டாள். சிஸ்டர் திரும்பி வந்து, “நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா?” என்றார். சுகுணா தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அப்படித்தான் தலையாட்டுகிறார்கள். புரிந்தவர்கள், புரியாதவர்கள், காதிலேயே விழாதவர்கள் எல்லாரும். நகத்துல என்ன? நகத்துல பாலிஷ் கிலிஷ் போட்டுராதீங்க. அதுவாகத்தான் இருக்கும். வேறு என்னவாக இருக்க முடியும்? நேற்றே அது காதில் விழுந்திருந்தால்கூட, பாலிஷ்தானே கூடாது, மருதாணிக்கு என்ன என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். மருதாணி குளிர்ச்சி. மருதாணி நல்லது. மருதாணி வைத்து யாருக்குக் கால் போயிருக்கிறது?

எங்கும் சத்தமே இல்லை. கீழே தறிக்கூடம். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தடதடப்பில் தலைவலி வந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். பிறகு அது காதுக்குப் பழகி, ஒரு சத்தமாகவே தெரியாமல் போய்விட்டது. இன்றைக்கு ஆடிப் பதினெட்டு. நோம்பிக்குத் தறியெல்லாம் நின்றுவிட்டது. தெருவில் இருக்கிற ஜனம் மொத்தமும் காவிரிக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டு, எதிர் வீட்டில் பூட்டு. இவ்வளவு அமைதியில் குழந்தையின் மூச்சு கேட்கிறது, மின்விசிறியின் கறகறப்பு கேட்கிறது, தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்கிறது. காலையில் இந்தத் தெருவே கலகலவென்று இருந்தது. வேப்பமரத்தில் தூரி கட்டி, பிள்ளைகள் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு உந்தி உந்தி ஆடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் மாடிக்கு வர வர மிதுனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தாலும் பரவாயில்லை, ஒரு வாய் சோறாவது ஊட்டி அமர்த்தியிருக்கலாம். அந்தப் பெண் அப்படித்தான். சுகுணா இரண்டாந்தாரமாக வந்து வருஷம் ஒன்று ஓடிவிட்டது, இன்னும் அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அம்மா என்று கூப்பிடு என்று அதன் அப்பா குழந்தைவேலு சொல்லிப் பார்த்தார். சித்தி என்றாவது கூப்பிடு என்று சொல்லிப் பார்த்தார். வேண்டியதைக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று, தண்ணி வேணுங்க, பென்சில் சீவணுங்க என்று சொல்லும். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மரியாதை. அப்படிப்பட்டது இன்றைக்குக் காலையில் சுவரைப் பார்த்தபடியே, “மருதாணி வெச்சு விடறீங்களா?” என்று கேட்டது. சுகுணாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பின்கட்டுக்கு ஓடி, ஒரு கொத்தாக உருவி வந்து, கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து வெண்ணெயாக அரைத்தாள். கையில் வைத்தாள். காலிலும் வேணுங்க என்றது. இடது காலில் வைத்தாள். அந்தக் காலிலும் வேணுங்க என்று கட்டைக் காட்டியது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலை மணையின் மேல் தாழ இறக்கி வைத்து, கட்டின் மேல் பச்சை படாமல் துணியைச் சுற்றி, ஒவ்வொரு விரலாக அப்பிவிட்டாள். காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு நேரமும் கால் கீழேதான் இருந்தது. தொங்கப் போடக் கூடாது. அந்த வாக்கியம் காதில் விழாத வாக்கியம் இல்லை, நன்றாக விழுந்த வாக்கியம். எடைக்கல்லை ஸ்டூல் மேல் வைத்தவளைக் கூறுகெட்டவள் என்று சொன்ன வாய் இது.

புறங்கையை விரல்களின் மேல் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. இல்லை, மின்விசிறிக் காற்று நேராக அங்கேதான் விழுகிறது. எழுந்துபோய் விசிறியை நிறுத்தினாள். மறுபடியும் தொட்டாள். ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் தன் கையே ஜில்லென்று இருக்கிறதே, பயத்தில் உள்ளங்கையெல்லாம் வேர்த்து விறைத்திருக்கிறதே, அது எதைக் கண்டுபிடிக்கும்? கையைச் சேலையில் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, இடது கால் விரலைத் தொட்டாள். வெதுவெதுப்பு. வலது கால் விரலைத் தொட்டாள். வெதுவெதுப்பு இல்லை. இடது காலைப் போர்வைக்குள் வைத்திருந்தாளே, அதனால் இருக்கும். மருதாணி குளிர்ச்சிதானே, அதனாலும் இருக்கும். இடது காலிலும் அதே மருதாணிதானே வைத்தாய் என்று உள்ளே ஒருத்தி கேட்டாள். அந்த ஒருத்தி எப்போதும் இப்படித்தான், வேண்டாத நேரத்தில் வேண்டாததைக் கேட்பாள். முந்தாநாள் குளியலறையில் தொம்மென்று சத்தம் கேட்டபோதும் அவள்தான் முதலில் பேசினாள். ஐயோ பிள்ளை என்று தோன்றவில்லை. ஐயோ, என்னைச் சொல்லுவார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு அப்புறம்தான் கால் ஓடியது. குளியலறைத் தரையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கழுவுவதற்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மிதுனா உள்ளே ஓடினாள். வழுக்கும் கண்ணு, போகாத என்று சொன்னாளே. சொன்னாளா? வாய்விட்டுச் சொன்னாளா, சொல்ல வேண்டும் என்று நினைத்ததோடு சரியா? குழந்தைவேலுவிடம், “நான் சொன்னனுங்க, அதுக்குள்ள ஓடிருச்சுங்க” என்று சொன்னாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி இப்போது தன் குரலே காதில் கேட்கிறது, வழுக்கும் கண்ணு என்று. ஆனால் அந்தக் குரல் முந்தாநாளுடையதா, அதற்கப்புறம் தயாரானதா என்று யாராவது சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த மல்லிகா, மிதுனாவைப் பெற்றவளுக்கு அக்கா, கட்டிலைச் சுற்றி அத்தனை பேர் நிற்க, “எந்தங்கச்சி இருந்திருந்தா இந்தப் புள்ளைக்கு இப்புடி ஆகுமா?” என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு சுகுணாவின் தோளைத் தொட்டு, “உன்னையச் சொல்லல கண்ணு, பொதுவாச் சொன்னேன்” என்றாள். பொதுவாகச் சொன்னதுதான் நேராக வந்து நெஞ்சில் நின்றது. ஒரு கால் முறிந்ததற்கே இந்தப் பேச்சு. அந்தக் காலே போனால் என்ன பேசுவார்கள்? சோப்புத்தண்ணியை ஊத்தி வெச்சவ, மருதாணியை அப்பி மறைச்சு வெச்சவ. பார், மறுபடியும் என்னைத்தான் நினைக்கிறேன், அவள் காலை நினைக்கவில்லை என்று சுகுணா தன்னையே கரித்துக்கொட்டினாள்.

செல்போனை எடுத்துக் குழந்தைவேலுவுக்கு அடித்தாள். நோம்பி நாளில் அவர் ஓட்டுகிற வேன் சும்மா நிற்காது. ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடுமுடிக்குப் போயிருக்கிறார். வெகு நேரம் அடித்து எடுத்தார். பின்னால் உடுக்கைச் சத்தம், ஆட்கள் சத்தம். “ஏனுங்க, பாப்பா காலு வெரலு ஜில்லுன்னு இருக்குதுங்க” என்றாள். “என்ன பண்ணுது?” என்றார். தூங்குகிறாள் என்றாள். “அழுவுதா?” இல்லை என்றாள். “காத்தால மருந்து குடுத்தியா?” கொடுத்தேன் என்றாள். “அப்பறம் என்ன? அழுவாமத் தூங்கற புள்ளைய எதுக்கு நோண்டற? தூங்குட்டும் உடு. நான் அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன், வந்து பாத்துக்கலாம்.” சரிங்க என்றாள். மருதாணியைச் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லியிருந்தால் அவரும் பதறியிருப்பார். சொல்லாமல் விட்டதால் அவருக்கு அது சும்மா ஒரு ஜில்லென்ற விரல். போனை வைத்ததும் நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியது போலக்கூட இருந்தது. அவரே சொல்லிவிட்டார். பெற்றவர் சொல்லிவிட்டார். தூங்குட்டும் உடு. இனி ஏதாவது ஆனால் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. அப்படித் தோன்றிய அடுத்த கணமே அவளுக்கு உடம்பு கூசியது. பங்கு பிரிப்பதற்கு இதென்ன காடு தோட்டமா? அதுவும் பெற்றவரிடம் பாதியை மறைத்துவிட்டு வாங்கின பங்கு.

ஐந்து மணிவரை சும்மா இருந்துவிட வேண்டியதுதான் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அரைத்த கல்லைக் கழுவவில்லை, போய்க் கழுவலாம். துணி ஊறுகிறது. எழுந்திருக்கவில்லை. கண் விரல்களை விட்டு நகர மறுத்தது. காலையில் மருதாணி வைக்கும்போது விரல்களுக்கு நடுவே சந்து இருந்தது, அதில் பச்சை வழிந்து இறங்க, துணியைத் திரித்துவிட்டுத் துடைத்தாள். இப்போது சந்து எங்கே? விரல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறதே. வீங்கியிருக்கிறதா? குழந்தை விரல் என்றால் கொழுகொழுவென்றுதானே இருக்கும். இடது காலைப் போர்வையிலிருந்து எடுத்துப் பார்த்தாள், அதில் சந்து இருந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், கால்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்கு மேல் மடித்து ஊசி குத்தியிருப்பான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் சுகுணா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவாள். இப்போது வேறு பக்கம் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடச் சீருடையின் பாவாடைக்குக் கீழே ஒரு கால் மட்டும் தெரிந்தது. சீ, சீ என்று தலையை உதறினாள். ஒன்றும் இருக்காது. எழுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். விரலை ஆட்டச் சொன்னால் தெரிந்துவிடும். அதற்கு மருதாணி குறுக்கே நிற்காது. இதைத்தானே சிஸ்டரும் சொன்னார், ஆட்ட முடியுதான்னு பாருங்க என்று. இவ்வளவு நேரம் நகத்தையே அமுக்கிக்கொண்டிருந்தாளே ஒழிய, ஒரு தடவைகூட எழுப்பவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று அவளுக்கே தெரியும். ஆட்டிவிட்டால் சரி. ஆட்டாவிட்டால்? இந்த நிமிஷம்வரை அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுப்பிவிட்டால் இருக்கலாம் என்பது போய்விடும். ஒரு குழந்தை தூங்குகிறது, அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருக்க முடியாது. தூங்குகிற முகத்தைப் பார்த்தாள். புருவத்துக்கு நடுவே சுருக்கம். தூக்கத்தில் ஏன் புருவத்தைச் சுருக்க வேண்டும்? இது தூக்கமா, மருந்து மயக்கமா, வலியில் சோர்ந்து கிடப்பதா? மேலுதட்டில் வேர்வை, விசிறியை நிறுத்தியது நாம்தானே. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. ஒவ்வொன்றும் நியாயமான காரணமாகவே இருந்தது. அந்தக் காரணங்களையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனால் ஐந்து மணி தானாக வந்துவிடும், அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. முழங்கை கட்டில் சட்டத்தில் இடித்ததைக்கூடக் கவனிக்காமல் எழுந்தாள்.

“அம்மிணி, எந்திரி சாமி. எந்திரிச்சு வெரலை ஆட்டு பாக்கலாம்.”

மிதுனா கண்ணைத் திறந்தாள். ஒரு நொடி எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாள். பிறகு சுகுணாவைப் பார்த்ததும் சொன்னாள். “வலிக்கல.”

சுகுணா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “வலிக்குதான்னு நான் கேக்கவே இல்லியே கண்ணு. வெரலைத்தான் ஆட்டச் சொன்னேன்.”

“ஆட்டறனே.”

இடது கால் விரல்கள் ஆடின. வலது கால் விரல்கள் சிவக்கச் சிவக்கச் சும்மா இருந்தன. “இந்தக் காலு, இந்தக் காலு” என்று சுகுணா கட்டைத் தொட்டுக் காட்டினாள். மிதுனா உதட்டைக் கடித்துக்கொண்டு தன் விரல்களையே பார்த்தாள். கட்டைவிரல் ஒரு துளி அசைந்ததா, அசைய வேண்டும் என்று தான் பார்த்ததில் அப்படித் தெரிந்ததா? சுகுணா கட்டைவிரலைப் பிடித்து, பூவைத் தொடுவதுபோல மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் மேலே நிமிர்த்தினாள். குழந்தை போட்ட அலறலில் கீழே தறிக்கூடத்து நாய் எழுந்து குரைத்தது.

“எப்பப் புடிச்சு வலிக்குது? அம்மிணி, என்னையப் பாரு. எப்பப் புடிச்சு?”

“காத்தாலப் புடிச்சு,” என்றாள் மிதுனா. விக்கி விக்கி வந்தது. “ராத்திரியும் வலிச்சுது. காத்தால ரொம்ப வலிச்சுது.”

“ஏஞ் சாமி சொல்லல?”

“சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்க. மருதாணி வெக்க மாட்டீங்க.”

திட்டியிருக்கலாம். கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். இரண்டுக்கும் சுகுணாவுக்கு நேரம் இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பதெல்லாம் அதற்கு முன்னால். இப்போது எல்லாம் ஓடியது. ஜன்னலைத் திறந்து தெருமுனையைப் பார்த்துச் சென்னியப்பனைக் கூவிக் கூப்பிட்டாள். நோம்பி நாளிலும் வாடகைக்கு நின்றுகொண்டிருந்த ஒரே ஆட்டோக்காரர், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். கட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு பேருமாக விரிப்போடு தூக்கி இறக்கினார்கள். படியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மிதுனா கத்தினாள். வண்டியில் சுகுணா குறுக்காக உட்கார்ந்து, குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, கட்டை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். காவிரிப் பாலத்துக்கு முன்னால் போகும்போது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு காத்திருக்க, யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, ஒரு வழியாக ஜெசிந்தா சிஸ்டர் லைனில் வந்தார். சுகுணா எல்லாவற்றையும் சொன்னாள். ஜில்லென்று இருப்பதை, விரல் ஆடாததை, நிமிர்த்தினால் அலறுவதை, காலையில் காலைத் தாழ வைத்ததை, மருதாணியை. மருதாணி என்று சொன்னபோது குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் சொல்லிவிட்டாள். “வலிக்குதுன்னு அழறாளா?” என்றார் சிஸ்டர். அழுகிறாள் என்றாள். “அழட்டும். தூங்க விடாதீங்க. காலை நெஞ்சு மட்டத்துக்குப் பிடிச்சுக்குங்க, ரொம்பத் தூக்கவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம். குடிக்க எதுவும் குடுக்காதீங்க. வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே வாங்க. நீங்க வந்ததும் கட்டைப் பிளந்துரலாம், டாக்டரை நான் கூப்பிட்டு வெக்கறேன். வலி இருக்கிற வரைக்கும் பரவால்ல. மரத்துப் போச்சுன்னு சொன்னாத்தான்…” சிஸ்டர் அதை முடிக்காமல் சீக்கிரம் வாங்க என்று வைத்துவிட்டார்.

பாலத்தில் ஊரே நின்றது. ஆற்றில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு திரும்புகிறவர்கள், புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட பெண்கள், தோளில் குழந்தையும் கையில் பலூனுமாக ஆண்கள், பஸ், வேன், மாட்டுவண்டி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு அசையாமல் கிடந்தன. சென்னியப்பன் ஹாரனை அடித்து அடித்துக் கை ஓய்ந்து, இறங்கி முன்னால் ஓடி, வழி விடச் சொல்லிக் கெஞ்சினார். ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. கீழே காவிரி செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வலிக்குதா அம்மிணி என்றாள் சுகுணா. வலிக்குது என்று மிதுனா வீரிட்டாள். அந்த வீரிடல் காதில் விழும்போது ஒரு நிம்மதி வந்தது. கால் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. வலி கேட்கிறது என்றால் அந்தப் பக்கம் இன்னும் உயிர் ஓடுகிறது. குழந்தை மூச்சு வாங்க நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் அந்த நிம்மதி போய்விட்டது. அடுத்த அலறல் வருகிறவரை, அந்த இடைவெளியில், பாவாடைக்குக் கீழே ஒற்றைக் கால் தெரிந்தது. ஒரு வருஷமாக இந்தக் குழந்தை அழக் கூடாது, நாலு பேர் காதில் விழக் கூடாது என்று மிட்டாயும் பொம்மையும் கதையுமாகத் தாங்கி வந்தவள், நடுப்பாலத்தில், சுற்றிலும் நூறு முகம் பார்க்க, அழு சாமி, அழு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டிகளுக்கு நடுவே நடந்து போகிறவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அதில் தெரிந்த முகமும் இருந்திருக்கலாம். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஈரச்சேலையைப் பிழிந்து தோளில் போட்டிருந்த ஒரு அம்மாள், ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினாள். “ஏம்மா, புள்ள இந்தக் கத்து கத்துது, அமத்தாம அழு அழுங்கறியே. நீயெல்லாம் பெத்தவதானா?”

“இல்லீங்க,” என்றாள் சுகுணா. கண் மடியில் கிடந்த முகத்தைவிட்டு நகரவில்லை. அழுகை தேய்ந்து வெறும் விக்கலாகிக்கொண்டிருந்தது, கண் சொருகியது. சுகுணா கன்னத்தைத் தட்டினாள். “வலிக்குதா? அம்மிணி, வலிக்குதான்னு கேக்கறேன். சொல்லு சாமி. நிறுத்தாத, இன்னங் கொஞ்சம் சத்தமா அழு.”